“சட்டமே மாறப் போகுது” என்கிறான் மகன், “அபராதம் கட்டி முடி” என்கிறார் தாய்மாமன்: நான் யார் பேச்சைக் கேட்பது?

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு 21 வயது. மதுரையில் விடுதியில் தங்கிப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறான். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ரிங் ரோடு ஓரமாக நண்பர்கள் மூவருடன் நின்றுகொண்டிருந்தபோது ரோந்து போலீஸார் சோதனை போட்டிருக்கிறார்கள். மகனின் தோள்பையில் 120 கிராம் கஞ்சா இருந்திருக்கிறது. வழக்குப் பதிவு செய்து, பைக்கையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு ஜாமீனில் விட்டுவிட்டார்கள். குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. நான்கு பேரும் பங்கு போட்டுத்தான் வாங்கினார்களாம். ஆனால் விற்றவருக்கு ஜிபே போட்டது மகன்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மகன், “இது ஒரு செடி. கனடாவுல, ஜெர்மனியில எல்லாம் லீகல். ஐ.நா.வுல இந்தியாவே ஆதரவா ஓட்டு போட்டுச்சு. டாஸ்மாக்கை அரசாங்கமே நடத்துது, இதுக்கு மட்டும் கேஸா? ரெண்டு மூணு வருஷத்துல சட்டமே போயிடும்” என்கிறான். அவனுடைய தாய்மாமன், “கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வந்துரு, ஒரே நாள்ல முடிஞ்சுரும்” என்கிறார். ஊரில் ஒருவர், ஒரு தொகை கொடுத்தால் எஃப்.ஐ.ஆரையே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்காக அம்மா நகையை அடகு வைக்க எடுத்துவைத்திருக்கிறார். கணவர் அவனை அடித்துவிட்டார். ஏதோ ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் அடைத்துவிடப் போவதாகச் சொல்கிறார்.

அம்மா எழுதுகிறார்: “எனக்குப் பிறந்த ஊர் தேனிப் பக்கம் மலையடிவாரம். எங்க தாத்தா காலத்துல மலையில கஞ்சா விளைஞ்சதை எல்லாரும் சொல்வாங்க. கோயில்ல சாமியாருங்க குடிப்பாங்க, யாரும் ஜெயிலுக்குப் போகல. அதனால மகன் பேசுறதுல நியாயம் இருக்கோன்னும் தோணுது. அப்படி நினைக்கிறது தப்பா?” மகனிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருக்கிறார். கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி. மூன்று மாதமாக மகன் சரியாகத் தூங்குவதில்லை, நண்பர்கள் தன்னைப் பற்றி மறைவாகப் பேசுகிறார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அம்மாவின் தம்பிக்கும் இளவயதில் மனநலச் சிகிச்சை நடந்தது.

அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மருத்துவர், அப்புறம்தான் வக்கீல்

நான் வக்கீல், மருத்துவர் இல்லை. ஆனால் போதை வழக்குகளில் வந்து நிற்கும் இளைஞர்களையும் அவர்கள் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பெற்றோரையும் நிறையப் பார்க்கிறேன். தூக்கம் கெடுவது, மற்றவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகம், அறைக்குள் ஒடுங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், வழக்கின் பயம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. கஞ்சா எல்லோருக்கும் மனநோயைக் கொண்டுவருவதில்லை என்பது உண்மை. ஆனால் இளம் வயதில் அடிக்கடி எடுப்பவர்களுக்கும், குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கும் மனச்சிதைவு போன்ற பாதிப்பின் ஆபத்து கூடுதல் என்று மருத்துவ உலகம் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் தம்பியின் கதையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குடும்ப மானம் கருதி நம் வீடுகளில் மறைக்கும் விஷயம் அதுதான். மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுதான்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அவன் வர மறுத்தால் நீங்களாவது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே கொடுக்கும் ஓ.பி. சீட்டு பின்னால் உங்கள் மகனைக் காப்பாற்றப் பயன்படும், அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

“சட்டம் மாறப் போகிறது” என்பதில் எவ்வளவு உண்மை?

நீங்கள் நினைப்பது தப்பில்லை. கஞ்சாத் தடையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது பொறுப்பில்லாதவர்களின் பேச்சு மட்டுமில்லை. கஞ்சா, பாங்கு (கஞ்சா இலை), சரஸ் (கஞ்சாப் பிசின்) ஆகியவற்றைப் பற்றி விசாரிக்க 1893-ல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்த ஆணையம், அளவோடு எடுப்பதால் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால்தான் கேடு, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று முடிவு சொன்னது. நம் தாத்தாக்கள் காலத்தில் இருந்தது ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். பிறகு 1961-ல் ஐ.நா.வின் போதைப்பொருள் உடன்படிக்கை வந்தது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றது அது. அந்தக் கெடு முடியும் தறுவாயில்தான் 1985 நவம்பரில் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. உங்கள் தாத்தா காலத்தில் யாரும் ஜெயிலுக்குப் போகாததற்கும் உங்கள் மகன் மீது வழக்கு இருப்பதற்கும் நடுவில் நடந்தது இதுதான்.

மகன் சொல்வதில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ஐ.நா. ஓட்டு உண்மை. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி, மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கும் தீர்மானம் 27-க்கு 25 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்துத்தான் ஓட்டு போட்டது. ஆனால் கட்டுப்பாட்டுக்குரிய முதல் பட்டியலில் கஞ்சா இன்னும் இருக்கிறது. மருத்துவப் பயனை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் சட்டத்தில் அதனால் ஒரு வரிகூட மாறவில்லை.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்கு அனுமதி உண்டு. 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வெளியிடத்தில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம். உங்கள் மகன் பையில் இருந்தது 120 கிராம். அதாவது அவன் உதாரணம் காட்டும் ஜெர்மனியிலேயே அது அளவு மீறல். தாய்லாந்து 2022-ல் தடையை நீக்கியது, 2025-ல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று திரும்பவும் இறுக்கியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி எல்லாப் போதைப்பொருள்களுக்கும் தண்டனையைத் தளர்த்தியது, 2024-ல் மறுபடி குற்றமாக்கியது. உலகம் ஒரே திசையில் நடக்கிறது என்று நம்பிக்கொண்டு இருபத்தொரு வயதில் வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியாது.

நம் நாட்டுக்குள்ளேயும் குழப்பமான செய்திகள் சுற்றுகின்றன. உத்தராகண்டில் கஞ்சா லீகல், ஹிமாச்சலில் லீகல் என்று வாட்ஸ்அப்பில் வரும். அங்கே பேச்சு நாருக்கும் விதைக்கும் மருந்துக்கும் வளர்க்கப்படும், போதைப் பொருள் மிகக் குறைவாக உள்ள ரகத்தைப் பற்றியது. வடக்கே சில மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங்கு கடைகள் இருக்கின்றன. காரணம், 1985 சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் கொண்ட நுனிதான். நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது, அதை மாநிலங்களின் கையில் விட்டிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் அப்படி ஒரு கடையும் கிடையாது. மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நினைத்தாலும் தானாக நீக்க முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். 2021-ல் சமூக நீதி அமைச்சகம், சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் பஞ்சாப் எம்.பி. தரம்வீர் காந்தி தனிநபர் மசோதாவுக்கு முயன்றார். சட்டம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

சரி, நாளைக்கே மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்குகள் தானாகக் கரைந்துவிடுமா? 2001-ல் இதே சட்டத்தைத் திருத்தி, அளவுக்கேற்ற தண்டனை என்ற முறையைக் கொண்டுவந்தபோது, அந்தச் சலுகை விசாரணையில் இருந்த வழக்குகளுக்குக் கிடைத்தது, தண்டனை பெற்று மேல்முறையீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாகுபாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பும் சொன்னது. அதாவது இன்று உங்கள் மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துவிட்டால், நாளை சட்டம் மாறினாலும் அந்தப் பலன் அவனுக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அவனுடைய வாதமே அவன் மாமாவின் யோசனைக்கு எதிராகத்தான் நிற்கிறது.

டாஸ்மாக் கேள்விக்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எந்த வீட்டில் இந்தப் பேச்சு வந்தாலும் முதலில் வருவது அதுதான். அது பலமான கேள்வி. சாராயத்தால் அழிந்த குடும்பங்களைக் கோர்ட் வராந்தாவில் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் அந்தக் கேள்வி என்னை வேறு முடிவுக்குக் கொண்டுபோகிறது. 2003-ல் அரசு சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு, வருமானத்தில் ருசி கண்டுவிட்டது. கடையைக் குறைப்பது எந்த ஆட்சிக்கும் எளிதாக இல்லை. கஞ்சாவுக்கும் அப்படி ஒரு கடை திறப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பொட்டலம் வைத்திருந்த பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். போர்ச்சுகல் 2001-லேயே இதைச் செய்தது. விற்பது அங்கே இன்னும் குற்றம். சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவு வரை வைத்திருந்தவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, சட்டமும் மனநலமும் சமூகப்பணியும் தெரிந்தவர்கள் கொண்ட குழுவின் முன் போய் உட்கார்கிறார்.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, ஓர் ஆண்டுக்குள் கஞ்சாவோ சரஸோ எடுத்தவர்கள் நாட்டில் சுமார் 1.3 கோடிப் பேர். இத்தனை பேரையும் எந்தச் சிறையில் வைப்பது? பிடிபடுகிறவர்கள் யார் என்று எங்கள் கோர்ட்டுகளுக்கு வந்து பாருங்கள். லோடுமேன், பெயிண்டர், பரோட்டாக் கடைப் பையன், கல்லூரி மாணவன். காலை பத்தரைக்கு வரிசையாக நிற்பார்கள், பெயரைக் கூப்பிட்டதும் “ஒத்துக்கிறேன் அய்யா” என்பார்கள், அபராத ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ரசீதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உங்கள் தாத்தா ஊர் மலையில் விளைச்சலை அழித்தார்கள், சரக்கு ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிக் கட்டம் கட்டமாகக் கஞ்சா வேட்டை நடந்தது. பெரிய வியாபாரிகளைப் பிடித்து அவர்கள் சொத்தை முடக்கியதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதே வலையில் சிக்கும் சின்னப் பையன்களுக்குச் சிகிச்சையின் வாசலைக் காட்ட ஆளில்லை.

அபராதம் கட்டி முடிக்கலாமா?

அவசரப்பட்டு அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சா என்றால் சட்டத்தின் கணக்கில் அது சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. அங்கேதான் 10 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறையும், ஜாமீன் கிடைப்பதே அரிதான கடுமையும். உங்கள் மகன் விஷயத்தில் அதிகபட்சம் 1 ஆண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்தியதற்காகத் தனியாக 27-ஆம் பிரிவும் போட்டிருந்தால் அதற்கு 6 மாதம் வரை. வழக்கு போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகாது, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில்தான் நடக்கும். நடைமுறையில் அபராதத்தோடு முடிவதே அதிகம். உங்கள் அண்ணன் சொன்னது அந்த மட்டில் சரி.

ஆனால் ஆயிரம் ரூபாய் அபராதமானாலும் அது தண்டனைதான். அரசு வேலைக்கு, பொதுத்துறைக்கு, பல தனியார் நிறுவனங்களுக்குக்கூடப் படிவத்தில் “தண்டனை பெற்றதுண்டா?” என்று கேட்பார்கள். அங்கே ‘இல்லை’ என்று எழுதுவது இன்னும் மோசம். உண்மையை மறைத்தால் அதற்காகவே வேலையிலிருந்து நீக்கலாம், ஆனால் அற்ப வழக்கு என்றால் நிறுவனம் அதைக் கருதிப் பார்க்கலாம் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீருடைப் பணிகளுக்கு விதிகள் இன்னும் கறார். அமெரிக்க விசாவுக்குப் போதைப்பொருள் தண்டனை பெரிய முட்டுக்கட்டை, அங்கே பல மாநிலங்களில் கஞ்சா கடையில் விற்றாலும் சரி. மறுபடியும் ஒருமுறை மாட்டினால் தண்டனை ஒன்றரை மடங்கு வரை ஏறவும் வழியிருக்கிறது.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, நீதிமன்றம் குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுத்துவிட்டால், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி மறுக்கலாம். அப்போதும் அதே நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி வாங்கி, குறுகிய காலத்துக்குப் பாஸ்போர்ட் பெற மத்திய அரசின் 1993 அறிவிக்கை இடம் தருகிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நிலுவை வழக்காகாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

எஃப்.ஐ.ஆரை எடுத்துத் தருகிறேன் என்பவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பதிவான எஃப்.ஐ.ஆர். நடுவருக்குப் போயிருக்கும். அதை எந்த அதிகாரியும் கிழித்துப் போட முடியாது. முடிக்கிற அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். அடகு வைக்க எடுத்துவைத்த நகையைத் திரும்பப் பீரோவில் வையுங்கள்.

சிகிச்சைக்குப் போனால் வழக்கு நிற்குமா?

நிற்கலாம். இந்தச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை எடுத்தால், அவர் மீது அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தண்டனைக் கட்டத்துக்குப் போய்விட்டாலும் 39-ஆம் பிரிவு இருக்கிறது. அடிமையானவர் ஒப்புக்கொண்டால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பி, பத்திரம் எழுதி வாங்கி, பின்னர் கண்டித்து விட்டுவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இத்தனை தெளிவாக இருந்தும் பெரும்பாலான வழக்குகளில் இதை யாரும் எழுப்புவதில்லை. அபராதம் சுலபம், மனு போட்டு மருத்துவச் சான்று வாங்குவது அலைச்சல் என்பதுதான் காரணம். சட்டம் மாற வேண்டும் என்று பேசுகிறவர்கள், இருக்கிற சட்டத்தில் உள்ள இந்த இரண்டு பிரிவுகளையாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இதிலும் யோசிக்க வேண்டியது உண்டு. 64ஏ கேட்பவர், தான் பழக்கத்துக்கு அடிமை என்று பதிவில் ஒப்புக்கொள்கிறார். அடிமையா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வக்கீல் எழுதிக் கொடுக்க முடியாது. கஞ்சாவைத் தொட்ட எல்லோரும் அடிமையாவதில்லை, ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சிறுவயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவராகக் கூடுகிறது. மருத்துவர் அடிமைத்தனம் இல்லை என்றால் பொய்ச் சான்றுக்கு அலையாதீர்கள். அப்போது வழக்கை எதிர்த்து நடத்துவது, அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனு போடுவது என்று வேறு வழி பார்க்கலாம்.

எதிர்த்து நடத்துவதென்றால் உங்கள் வக்கீல் முதலில் கேட்க வேண்டியது மகஜரின், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸார் எழுதிய பதிவின் நகல். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் எடுத்தார்கள், எந்தத் தராசில் எடை போட்டார்கள், மாதிரி எப்போது நடுவர் முன்னால் போனது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உடலைச் சோதிக்கும்போது கெஜட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் பையைச் சோதித்ததற்கு அது பொருந்தாது, அதை நம்பி இருக்காதீர்கள். பயன்படுத்தியதாகச் சொல்லும் 27-ஆம் பிரிவுக்கு ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 1 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்துக்கு, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை போயாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால்தான் நீதிமன்றம் அதற்குப் பிறகு ஏற்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பைக்கை வழக்கு முடியும்வரை இடைக்காலமாகத் திரும்பக் கேட்கலாம், போதைப்பொருள் வழக்கு என்பதாலேயே அதற்குத் தடை இல்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் கவலை ஜிபே மீதுதான். நான்கு பேர் பணத்தையும் உங்கள் மகன் அனுப்பியிருக்கிறான். விற்றவர் வீட்டில் கிலோ கணக்கில் சரக்கு சிக்கினால், அந்தப் பெரிய வழக்கில் கூட்டுச்சதி என்ற 29-ஆம் பிரிவின் கீழ் இவனையும் இழுக்கப் பார்ப்பார்கள். நண்பர்களுக்காக வாங்கிக் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் சாதாரண உதவியில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டால் வக்கீலோடுதான் போக வேண்டும். எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் ஒப்புதல் சாட்சியமாகாது என்று 2020-ல் தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்ட தாள் தலைவலிதான். பழைய சாட், கணக்கு எதையும் அழிக்கவும் வேண்டாம், அது தனிக் குற்றமாகிவிடும்.

உங்கள் கணவருக்கு

அவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அய்யா, உங்கள் கோபம் பயத்திலிருந்து வருகிறது, புரிகிறது. ஆனால் 21 வயது ஆளை அவன் விருப்பமில்லாமல் ஒரு மையத்தில் கொண்டுபோய் அடைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒப்புதல் இல்லாமல் அனுமதிப்பதற்கு மருத்துவர்களின் மதிப்பீடும் கடுமையான நிபந்தனைகளும் உண்டு. பதிவு பெறாத சில மையங்களில் கட்டிப்போட்டு அடித்த கதைகளை நாங்கள் வழக்காகவே பார்த்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, 64ஏ கேட்பது தானாக முன்வந்து எடுக்கும் சிகிச்சையை, அதுவும் அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ. நீங்கள் அடைத்துவைத்தால் அந்தப் பாதுகாப்பே உங்கள் மகனுக்குக் கிடைக்காமல் போகலாம். அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சந்தேகமும் பயமும் பிடித்திருக்கிற பையன் வீட்டைவிட்டு ஓடினால் தேடுவதற்கு நாம் எங்கே போவது?

அம்மா, மகனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் மாற வேண்டும் என்ற அவன் கருத்தோடு சண்டை போடாதீர்கள். “நீ சொல்றதுல பாதி எனக்கும் சரின்னு படுது. ஆனா உன் கேஸை இன்னிக்கு இருக்கிற சட்டத்தாலதான் எடை போடுவாங்க. அதுல உனக்குச் சாதகமா ஒரு பிரிவு இருக்கு, அதுக்கு நீதான் முன்வரணும், நான் முன்வர முடியாது” என்று சொல்லுங்கள். பேசும்போது உங்கள் தம்பியின் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். அவனுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன்.

மருத்துவரைப் பார்த்த பிறகு ஓ.பி. சீட்டு, எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் உத்தரவு ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு, போதை வழக்கு நடத்திப் பழகிய ஒரு வக்கீலைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிச் சம்மன் வந்தால் முதல் வாய்தாவிலேயே வக்காலத்து போட்டு, 64ஏ மனுவுக்கு அவகாசம் கேளுங்கள். அன்றைக்கு அவனுடன் தாய்மாமன் போக வேண்டாம். நீங்கள் போங்கள்.